அம்மாவும் கூட உட்காரலாமா?

"பிரதர், அடுத்த தடவை ஐயாகிட்டப் பேசப் போகும்போது அம்மாவும் கூட உட்காரலாமான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சகோதரி கேட்டது இவ்வளவுதான். ஐயா என்றது எங்கள் போதகரை, அம்மா என்றது போதகரம்மாவை. கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்காமலே சொன்னேன்: "நீங்களே ஐயாகிட்டக் கேட்டுருங்களேன் சிஸ்டர், அவர் ஒண்ணும் நினைக்கமாட்டார்." அவர் "சரி பிரதர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது வருடம் ஆகிறது. அப்போது நான் உதவிப் போதகர். இப்போது ஒரு சபையின் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. இடையில் எத்தனையோ பேரை அடக்கம் பண்ணியிருக்கிறேன், எத்தனையோ பிரசங்கங்களைச் சொதப்பியிருக்கிறேன். அதெல்லாம் மறந்துபோகிறது. அந்த அரை நிமிடம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. நாற்காலியைக் கீழே வைத்திருக்கலாமே என்றுதான் ஒவ்வொரு தடவையும் முதலில் தோன்றும். கீழே வைத்திருந்தால் "ஏன் சிஸ்டர், என்ன விஷயம்?" என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன்.

ஏதாவது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் குடும்பத்தில் ஒரு துக்கம். அதற்கு ஆலோசனை, ஜெபம் என்று வாரம் ஒருமுறை மாலையில் போதகர் அறைக்கு வந்துகொண்டிருந்தார். பெண்கள் ஐக்கியத்தில் பாடுவார். நான் பதில் சொன்ன பிறகு இன்னும் மூன்று நான்கு வாரம் வந்தார். அப்புறம் வரவில்லை. கொஞ்ச நாளில் வேறு சபைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். வேறு எதுவும் வெளியே வரவில்லை. ஒன்றும் நடக்காமலே இருந்திருக்கலாம். தனியாக அழுவதற்குக் கூச்சப்பட்டு, பெண் ஒருவர் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று நினைத்திருக்கலாம். அப்படித்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதுதான் காரணம் என்றாலும் என் பதில் தப்புத்தானே?

அந்த அறைக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. கமிட்டி தீர்மானம் போட்டு வைத்தது. உள்ளே யார் இருந்தாலும் வெளியிலிருந்து தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருநாள் அந்தக் கண்ணாடியின் உட்பக்கம் மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. சபைக் காலண்டர்தான், வருட வாக்குத்தத்த வசனம் அச்சிட்டது. வெயில் முகத்தில் அடிக்கிறது என்று யாராவது மாட்டியிருக்கலாம். காலையில் அறையைத் திறந்தபோது அதைக் கழற்றிப் பக்கத்துச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன். மறுநாள் அது மறுபடியும் கண்ணாடியில் இருந்தது. ஐயாவும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடம் போய்ப் பேசினேன். "ஐயா, அந்தக் கண்ணாடியை மறைக்காம இருந்தா நல்லது. பார்க்கிறவங்க ஏதாவது பேசுவாங்க."

"என்மேல சந்தேகமா, தம்பி?"

"ஐயோ, இல்லைங்கய்யா. உங்க பேருக்காகத்தான் சொல்றேன்."

"என் பேரைக் கர்த்தர் பார்த்துக்குவார்" என்றார். முகத்தில் கோபமே இல்லை. எழுந்து வந்து என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். என் ஊழியத்துக்காக, என் வருங்காலத்துக்காக, சத்துரு எங்கள் இருவருக்கும் நடுவே பிரிவினை கொண்டுவராதபடிக்கு. நான் ஆமென் சொன்னேன். ஆமென் சொன்ன பிறகு அந்தப் பேச்சை எப்படித் திரும்ப எடுப்பது? இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.

அந்தச் சகோதரி கேட்டதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. கண்ணாடியைப் பற்றிப் பேசினேன், அவர் பேரைப் பற்றிப் பேசினேன். உள்ளே எதிரில் உட்கார்ந்திருந்தவர் கேட்டனுப்பிய ஒரே ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் அந்தச் சகோதரியைக் காட்டிக்கொடுத்ததாக ஆகியிருக்குமோ என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இன்னொரு உண்மையும் இருக்கிறது. நான் போதகராக அபிஷேகம் பெற ஐயாவுடைய பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தது. இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்போது எனக்குக் கைகொடுத்தது 1 தீமோத்தேயு 5:19. மூப்பனுக்கு விரோதமான பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக்கூடாது என்கிற வசனம். என்னிடம் ஒரு சாட்சிகூட இல்லை, அதனால் நான் பேசாமல் இருந்ததே வேதத்தின்படி சரி என்று வெகுநாள் நம்பினேன். பிறகுதான் உறைத்தது: அந்தச் சகோதரி என்னிடம் பிராது ஒன்றும் கொண்டுவரவில்லையே. அம்மாவும் உட்காரட்டும் என்று கேட்டார். அவர் கேட்டதே ஒரு சாட்சியைத்தான். அதை மறுத்துவிட்டு, சாட்சி இல்லை என்று நான் வசனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வசனமோ பாவம் செய்தவரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. அதை எந்த மூப்பர் கூட்டத்திலும் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

காணிக்கை எண்ணுவதை நினைத்துக்கொள்கிறேன். நான் பார்த்த எந்தச் சபையிலும் ஒருவர் தனியாக எண்ணுவதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். பொருளாளர் யாரும் "என்மேல் சந்தேகமா?" என்று கேட்டதில்லை. அப்போஸ்தலன் பவுலே தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது கூட ஆட்களை அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று கொரிந்தியருக்குக் காரணமும் எழுதினார். ஐயா "கர்த்தர் பார்த்துக்குவார்" என்றபோது இந்த வசனம் என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பணத்துக்கு இரண்டு பேர் வேண்டும், உடைந்துபோய் வரும் ஒரு மனுஷிக்கு வேண்டாம் என்று எப்படி நாம் பழகிப்போனோம்?

அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் அவர் கூட்டாளிகளும் 1948-ல் அங்கே மொடெஸ்டோ என்ற ஊரில் உட்கார்ந்து சில தீர்மானங்கள் எடுத்தார்கள். பணம், பெண்களோடு பழகும் விதம், மற்றச் சபைகளைக் குறை சொல்லாமை, கூட்டத்தின் எண்ணிக்கையை ஊதிப் பெருக்காமை என்று நான்கு விஷயங்கள். மனைவியைத் தவிர வேறு பெண்ணோடு தனியாக இருப்பதில்லை என்பது மட்டும் ஊழியக்காரர்கள் நடுவில் சட்டம்போல் நிலைத்துவிட்டது. நானும் அதைக் கைக்கொள்கிறவன்தான். ஆனாலும் அதன் நோக்கத்தைப் பார்க்கும்போது நெருடுகிறது. ஊழியக்காரன் பேர் கெடக்கூடாது என்பதே அதில் முன்னால் நிற்கிறது. நானும் அன்றைக்கு "உங்க பேருக்காக" என்றுதானே சொன்னேன்.

உலகப் புகழ்பெற்ற ஊழியக்காரர் ரவி சகரியாஸ் விஷயம் வந்தபோது பல நாள் எனக்குத் தூக்கம் இல்லை. மனைவி, மகள்கள் தவிர வேறு பெண்ணோடு தனியாக இருப்பதில்லை என்பது தன் வழக்கம் என்று 2017-ல் அறிக்கையே விட்டவர். 2020 மே மாதம் இறந்தார். அவருடைய ஊழியமே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்து, அவர் பெண்களிடம் பாலியல் ரீதியாக முறைதவறி நடந்ததை உறுதிசெய்தது. முதலில் பேசத் துணிந்த பெண் சொன்னதை அந்த ஊழியமும் நம்பவில்லை. விதி இருந்தது. அதைச் சரிபார்க்கிற இடத்தில் அவரிடம் "இல்லை" என்று சொல்லக்கூடிய ஆள் இல்லாமல் போனார். அந்தச் செய்தியைப் படித்தபோது நாற்காலியோடு நின்ற நான்தான் எனக்குத் தெரிந்தேன்.

எங்கள் சபையிலும் பிறகு பேச்சு வராமல் இல்லை. "அந்தப் பொண்ணு ஏன் அத்தனை தடவை போச்சு?" என்று ஒரு மூப்பர் கேட்டார். தாவீது ராஜா இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டபோது, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பிடித்துக்கொண்டுபோன கதையை நாத்தான் தீர்க்கதரிசி அவரிடம் சொன்னார். அந்தக் கதையில் ஆட்டுக்குட்டிமேல் ஒரு குற்றமும் இல்லை, பிடித்துக்கொண்டுபோன ஐசுவரியவான்மேல்தான் குற்றம். இதையும் அந்த மூப்பரிடம் நான் சொல்லவில்லை. பின்னால் ஒரு பிரசங்கத்தில், யாருக்கும் வலிக்காத மாதிரி சொன்னேன்.

இப்போது என் அறையில் மேஜையைக் கதவுக்கு நேராகப் போட்டிருக்கிறேன். இரண்டு மூன்று சந்திப்புக்கு மேல் தேவைப்பட்டால் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் அனுப்பிவிடுவேன். கூட யார் இருக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்வதில்லை, வருகிறவரிடமே கேட்பேன். என்மேல் புகார் வந்தால் நான் நியமிக்காத இரண்டு பேர் விசாரிக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். இதையெல்லாம் எழுதும்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. உடனே அந்த நிம்மதிமேலேயே சந்தேகமும் வருகிறது. போன மாதம் வயதான ஒரு தாய் வந்தார். "கதவைச் சாத்துங்க பாஸ்டர், இதை யாரும் கேட்கக்கூடாது" என்றார். சாத்தமுடியாதம்மா என்று காரணம் சொன்னேன். கொஞ்ச நேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து போய்விட்டார். அவர் எதைச் சுமந்துகொண்டு போனாரோ. அன்று நான் காத்தது அவரையா, என்னையா?

இதை இப்போது எழுதுவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. போன வாரம் எங்கள் உதவிப் போதகர், இருபத்தாறு வயதுப் பையன், தயங்கித் தயங்கி வந்து நின்றான். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. நேத்து சாயங்காலம் உங்க ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள அந்த அக்கா இருந்தாங்க."

சாத்தியிருந்தது உண்மை. பக்கத்துக் கூடத்தில் பாடகர் குழுப் பயிற்சி, ஒரு வார்த்தை காதில் விழவில்லை, நானே எழுந்துபோய்ச் சாத்தினேன். பத்து நிமிடம் இருக்கும். அவன் அதைச் சொன்னதும் என் வாயில் முதலில் வந்து நின்ற வார்த்தைகள்: "என்மேல சந்தேகமா, தம்பி?"

விழுங்கிவிட்டேன். "ஆமா, சாத்தினது நான்தான். நீ பார்த்ததை விசாரிக்கிற அந்த ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு, நானும் சொல்றேன்" என்றேன். அவன் முகம் தெளிந்தது. நன்றி ஐயா என்று சொல்லிவிட்டுப் போனான். ராத்திரி படுக்கப் போகும் வரைக்கும் அவன்மேல் எனக்கிருந்த கோபம் இறங்கவே இல்லை.