கஞ்சிக்கோட்டுக்குச் சிறிய அணு உலையா? முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம்

2025 மத்திய பட்ஜெட்டில் சிறிய அணு உலைகளுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2033க்குள் உள்நாட்டு வடிவமைப்பில் குறைந்தது ஐந்து ஓட வேண்டும் என்றார்கள். அதற்குச் சற்று முன்னால்தான், 2024 கடைசியில், கேரளத்தில் அணு உலைக்கான இடமாகக் காசர்கோடு மாவட்டத்துச் சீமேனியின் பெயர் அடிபட்டது. கடலோரம்தான் வேண்டுமா, பாலக்காடு மாவட்டத்தில் வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் இரும்பு ஆலைகளுக்கு நடுவிலேயே ஒன்றை வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஒரு டன் இரும்பை இண்டக்‌ஷன் உலையில் உருக்கச் சுமார் 600 யூனிட் ஆகிறது. கரண்ட் பில்தான் அந்த ஆலைகளின் தலையெழுத்து.

இந்தியாவில் கையில் இருக்கிற 'சிறியது' 220 மெகாவாட் கனநீர் உலை (கன ஹைட்ரஜன் கொண்ட நீரைப் பயன்படுத்துவது). கல்பாக்கத்தில் 1980களிலிருந்து இரண்டு இருக்கின்றன. இயற்கை யுரேனியமே போதும், செறிவூட்ட வேண்டாம். 306 குழாய்களில் அரை மீட்டர் நீள எரிபொருள் கட்டுகள். உலையை நிறுத்தாமலே நாளுக்கு ஏழெட்டுக் கட்டுகளை மாற்றலாம். ஆண்டுக்குச் சுமார் 40 டன் யுரேனியத்தோடு முடிந்துவிடும். லாரிகளில் நிலக்கரி கொண்டுவந்து கொட்டும் வேலையே இல்லை. இந்த வகையில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

தண்ணீர்தான் இடிக்கிறது. 220 மெகாவாட் மின்சாரம் எடுக்க உள்ளே சுமார் 750 மெகாவாட் வெப்பம் உண்டாக வேண்டும். மீதி 530 மெகாவாட் வெளியே போயாக வேண்டும். கல்பாக்கத்தில் கடல் வாங்கிக்கொள்கிறது. சமவெளியில் குளிர்விப்புக் கோபுரம்தான் வழி. அதில் நாளுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் ஆவியாகும். ஆவியாகும்போது உப்பு கீழே தங்கிவிடும். குழாயில் சுண்ணாம்பு படியாமல் இருக்க ஒரு பங்கு நீரை வெளியே விட்டுப் புது நீர் சேர்க்க வேண்டும். நல்ல ஆற்று நீராக இருந்தால் எல்லாம் சேர்த்து 2 கோடி லிட்டர். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிணற்று நீர் மாதிரி கடுமையான நீர் என்றால் அடிக்கடி வெளியேற்ற வேண்டியிருக்கும். இரண்டரைக் கோடியைத் தொடும்.

பிளாச்சிமடையில் 2004இல் மூடப்பட்ட குளிர்பான ஆலைக்கு உயர்நீதிமன்ற அமர்வு 2005இல் அனுமதித்த அளவு நாளுக்கு 5 லட்சம் லிட்டர். உலைக்கு வேண்டிய 2 கோடி லிட்டர் அதைப்போல நாற்பது மடங்கு.

ஆண்டுக்குக் கணக்கிட்டால் கால் டிஎம்சி. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூருக்கு வர வேண்டியது 7.25 டிஎம்சி, அதில் நூற்றுக்கு மூன்றரை. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் வயலைத் தரிசாகப் போடலாம், உலையைப் போட முடியாது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதே 2 கோடி லிட்டர் வேண்டும், மூலத்தறைத் தடுப்பணையில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும். ஒரு மாதத்துக்குச் சேமிக்க ஐந்து மீட்டர் ஆழத்தில் 30 ஏக்கர் குளம் வேண்டும். சித்தூர் தாலுகாவில் அந்தக் குளத்தை யாருடைய நிலத்தில் வெட்டுவது?

அடுத்தது கிரிட், அதாவது மின்கட்டமைப்பு. உலையை நிறுத்தினாலும் அதன் வெப்பம் நிற்காது: நிறுத்திய நொடியில் முழு வெப்பத்தில் ஆறேழு சதவீதம், ஒரு மணி நேரம் கழித்து ஒன்றரை, ஒரு நாள் கழித்து அரை. 750 மெகாவாட்டில் அரை சதவீதம் என்பது சுமார் 4 மெகாவாட். அதைத் தணிக்க பம்ப் ஓட வேண்டும், பம்புக்கு வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். 2011இல் ஃபுகுஷிமாவில் முறிந்தது இந்தச் சங்கிலிதான். ஆகவே தனித்தனியான இரண்டு லைன், டீசல் ஜெனரேட்டர்கள், அதற்குமேல் பேட்டரி.

இன்னொரு சிக்கலை யாரும் பேசுவதில்லை. இடி மின்னலில் லைன் அறுந்து உலை டிரிப் ஆனால், அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் மறுபடி ஏற்றியாக வேண்டும். தவறினால் உள்ளே செனான் என்ற வாயு சேர்ந்து, அணுப்பிளவை நடத்தும் நியூட்ரான்களை விழுங்கிவிடும். ஒன்றரை நாள் சும்மா உட்கார வேண்டியதுதான். துலா (ஐப்பசி) மழைக்காலத்து மின்னலில் அது அடிக்கடி நடந்தால் உருக்கு ஆலை முதலாளி என்ன சொல்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

'வளரும் நாடுகளுக்குச் சிறியதுதான் பொருத்தம்' என்ற வாதத்தில் ஒரே ஒரு வலுவான பாயின்ட் உண்டு. எந்த ஒரு யூனிட்டும் கிரிட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. 2,000 மெகாவாட் கிரிட் உள்ள நாடு 1,000 மெகாவாட் உலையை மாட்டினால் ஒரு டிரிப்பில் நாடே இருளும். அங்கே 200 சரி. ஆனால் அளவு குறைகிற அளவுக்குச் செலவு குறையாது: நாலில் ஒரு பங்கு உலை கட்டினால் ஒரு கிலோவாட்டுக்கான செலவு ஒன்றே முக்கால் மடங்காகும் என்பது பழைய பொறியியல் கணக்கு. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து அதை ஈடுகட்டுவோம் என்கிறார்கள். அப்படிச் செய்து காட்டியவர் இன்னும் இல்லை. ஓடுபவை ஒற்றை நிலையங்கள்தான். ரஷ்யாவின் பெவெக்கில் மிதக்கும் நிலையம் 2020 முதல் வணிக அளவில் ஓடுகிறது, சீனாவின் ஷிதாவ்வானில் ஒன்று 2023 முதல். அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டம், 1,000 யூனிட் மின்சாரத்தின் விலை 58 டாலரிலிருந்து 89 டாலருக்கு ஏறியதும், 2023 நவம்பரில் கைவிடப்பட்டது.

அதைவிடக் கடினம் ஆட்களும் சட்டமும். புதிதாகத் தொடங்கும் நாட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம், பயிற்சி, கழிவு ஏற்பாடு எல்லாம் அமைய 10 முதல் 15 ஆண்டு. பிலிப்பைன்ஸ் 1980களில் பதான் நிலையத்தைக் கட்டி முடித்து, ஒரு யூனிட்கூட எடுக்காமல் 2007 வரை கடன் கட்டியது.

சவறையிலும் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் தோரியம் கொட்டிக் கிடக்கிறதே என்பார்கள். தோரியம் நேராக எரியாது. இன்னோர் உலையில் நியூட்ரான் வாங்கி யுரேனியம்-233 ஆக வேண்டும். அந்த எரிபொருளில் ஓடும் கல்பாக்கத்துக் காமினி உலையின் திறன் 30 கிலோவாட் வெப்பம்தான்.

இந்தியாவுக்கு ஆணையமும் ஆட்களும் இருக்கிறார்கள். 220 மெகாவாட்டை மூடப்போகும் அனல்மின் நிலையங்களில் வைக்கட்டும். தண்ணீர், லைன், நிலம் மூன்றும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. கஞ்சிக்கோட்டுக்கு வேண்டியது கரண்ட்தானே தவிர உலை அல்ல. புகளூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே திருச்சூருக்கு 2,000 மெகாவாட் நேர்மின் லைன் 2021 முதல் ஓடுகிறது. கூடங்குளத்தின் முதல் இரு யூனிட்களிலும் கேரளத்தின் பங்கு 133 மெகாவாட் வீதம். அடுத்த யூனிட்களில் கூடுதல் பங்கு கேட்டு வாங்க வேண்டியது மின்வாரியத்தின் வேலை. அதற்குப் பிறகும் இங்கேதான் உலை என்று யாராவது வந்தால், ஏப்ரல் மாதத் தண்ணீர் எந்த அணையிலிருந்து என்பதை எழுத்தில் கேளுங்கள்.