வராத பிள்ளைகளின் எடை

டேட்டா சயின்ஸ் படிக்கணும் என்றுதான் சென்னைக்கு வந்தேன். படித்தது பி.எஸ்ஸி. புள்ளியியல், தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியில். இந்த இரண்டில் எதை எடுக்கலாம் அண்ணா என்று எங்கள் ஊரில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் இப்போது போன் செய்து கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செங்கத்துக்குப் பக்கம். அரசுப் பள்ளி, தமிழ்வழி. அம்மா அங்கன்வாடிப் பணியாளர். மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுவார். அந்தப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக் கொடுப்பது சின்ன வயதிலிருந்தே என் வேலை.

முதல் செமஸ்டர் கஷ்டமாக இருந்தது. கணக்கு தெரியும், கணக்கின் பெயர்தான் தெரியாது. 'ராண்டம் வேரியபிள்' என்று சார் பலகையில் எழுதியபோது புதிதாக ஏதோ வருகிறது என்று பயந்தேன். ஒரு வாரம் கழித்துதான், பள்ளியில் படித்த சமவாய்ப்பு மாறிதான் அது என்று புரிந்தது. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல். திட்ட விலக்கம், கருதுகோள், முழுமைத்தொகுதி எல்லாம் அந்த நோட்டில்தான் எனக்கு இரண்டு மொழியிலும் நின்றன. கல்லூரியின் மில்லர் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்க முதலில் ஒரு மணி நேரம் ஆனது. இரண்டாம் செமஸ்டரில் நிகழ்தகவில் அரியர் விழுந்தது. தொகையீட்டில் (இன்டெக்ரேஷன்) நான் பலவீனமாக இருந்ததுதான் காரணம். ப்ளஸ் டூ புத்தகத்தையே திரும்ப எடுத்து முழுசாகப் போட்டுப் பார்த்த பிறகு எழுதிப் பாஸ் செய்தேன். தொகையீடும் அணிகளும் கைவசம் இல்லாமல் வராதீர்கள். நிகழ்தகவில் வரும் அடர்த்திச் சார்புக்குத் தொகையீடு வேண்டும், ஒரு அளவை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் ரெக்ரஷனுக்கு அணிகள் வேண்டும்.

இரண்டாம் வருஷம் சாம்ப்ளிங், அதாவது ஒரு பகுதியை மட்டும் எண்ணி முழுவதையும் மதிப்பிடும் பாடம். கல்லூரி 1937ல் தாம்பரத்துக்கு வந்தது. வளாகம் 365 ஏக்கர், பெரும்பகுதி புதர்க்காடு, புள்ளிமான் திரியும். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் நட்டு வளர்த்த மரங்கள் இன்றைக்கும் நிழல் தருகின்றன. அந்தக் காட்டில் எத்தனை மரங்கள் என்று மதிப்பிட வேண்டும் என்று சார் வேலை கொடுத்தார். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சமவாய்ப்பு எண் அட்டவணையைப் பார்த்து, பத்துக்குப் பத்து மீட்டர் சதுரங்களைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் குழுவுக்கு வந்த ஒரு சதுரம் முழுக்க முள். உள்ளே கால் வைக்க முடியவில்லை. "சார், பக்கத்தில் பாதையோரமாக ஒரு சதுரம் எடுத்துக்கிறோமே" என்றேன்.

"பாதையோர மரத்துக்கு வெளிச்சம் அதிகம் தம்பி. அதை எண்ணிட்டு, காட்டை எண்ணினேன்னு எழுதக் கூடாது" என்றார்.

குச்சியால் முள்ளை விலக்கி விலக்கி உள்ளே போய் எண்ணி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. சட்டைக் கை கிழிந்தது. எளிதில் கிடைக்கிற சாம்பிள் ஏன் பொய் சொல்லும் என்பதை அதற்குப் பிறகு எந்தப் புத்தகமும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே வருஷம் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்டைப் பற்றி ஒரு வகுப்பு. இரண்டாம் உலகப் போரில் திரும்பி வந்த விமானங்களில் குண்டு துளைத்த இடங்களை வைத்து, திரும்பி வராத விமானங்களுக்கு எங்கே அடிபட்டிருக்கும் என்று 1943ல் கணக்கிட்டவர். வந்ததில் ஓட்டை குறைவாக இருக்கும் இடத்தில் அடிபட்ட விமானம்தான் வந்து சேரவில்லை. அவர் இந்தியாவுக்கு உரையாற்ற வந்திருந்தபோது, 1950 டிசம்பரில் மனைவியோடு போன விமானம் நம் நீலகிரி மலையில் மோதி இருவரும் இறந்தார்கள் என்று சார் சொன்னபோது வகுப்பில் பேச்சே இல்லை. அன்று ராத்திரி விடுதியில் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷ புராஜெக்டுக்கு அம்மாவின் பதிவேடுதான் என் தரவு. மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி, பெயர்களை எடுத்துவிட்டு வரிசை எண் மட்டும் வைத்து, வயதையும் எடையையும் ஆர் மென்பொருளில் ஏற்றினேன். உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலோடு ஒப்பிடுவது திட்டம். நிறைய மாதங்கள் காலியாக இருந்தன. ஆர் அவற்றை 'என்ஏ' என்று காட்டும். 'என்ஏ.ஆமிட்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் காலி இருக்கிற வரிசையே போய்விடும். கொடுத்தேன். வரைபடம் அழகாக வந்தது, பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள் என்று சொன்னது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல சூளைக்குப் போன பிள்ளைங்க எங்கடா?" என்றார்.

எங்கள் பக்கம் பொங்கல் முடிந்ததும் பல குடும்பங்கள் பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். மழைக்கு முன்னால்தான் திரும்பும். அந்த மாதங்கள்தான் பதிவேட்டில் காலி. "போகும்போது இருந்த உடம்பு வரும்போது இருக்காதுடா" என்றார் அம்மா. நான் அழித்தது அந்தப் பிள்ளைகளை. முள்ளுக்குள் இருந்த சதுரத்தை விட்டுவிட்டுப் பாதையோரத்தை எண்ணியிருந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

தாம்பரம் திரும்பியதும் முதலிலிருந்து தொடங்கினேன். விடுபட்ட தரவு மூன்று வகை என்று 1976ல் வந்த புள்ளியியலாளர் டொனால்ட் ரூபினின் கட்டுரை வழியாகப் பிரிக்கிறார்கள். தற்செயலாக விடுபட்டது ஒன்று. கையில் இருக்கிற மற்ற விவரங்களை வைத்துக் காரணம் சொல்லக்கூடியது ஒன்று. விடுபட்ட அந்த எண்ணே விடுபட்டதற்குக் காரணமாக இருப்பது மூன்றாவது. என் தரவு மூன்றாவதாக இருக்கலாம் என்பதால் சராசரி போட்டு நிரப்ப மனம் வரவில்லை. கிளம்பும் முன் இருந்த எடையையும் திரும்பி வந்த எடையையும் பக்கம் பக்கமாக வைத்தேன். காலி மாதங்களில் எடை இவ்வளவு குறைந்திருந்தால் முடிவு எப்படி மாறும், இன்னும் குறைந்திருந்தால் எப்படி என்று படிப்படியாக மாற்றிப் பார்த்தேன். அழகான வரைபடம் போய்விட்டது. எடை இதற்குள் எங்கேயும் இருக்கலாம் என்று காட்டும் அகலமான ஒரு பட்டை வந்தது. அதைத்தான் சமர்ப்பித்தேன்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் மிஷின் லேர்னிங் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார். மீதி நேரம் முழுக்க சூளையைப் பற்றியே கேட்டார்.

பைத்தானை நான் நாலாம் செமஸ்டர் லீவில் தனியாகக் கற்றுக்கொண்டேன். அது உங்களாலும் முடியும். நிகழ்தகவையும் சாம்ப்ளிங்கையும் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்வது எனக்கு முடிந்திருக்காது. அதனால் என்னைக் கேட்டால் இளங்கலையில் புள்ளியியல் எடுங்கள் என்பேன், டேட்டா சயின்ஸை முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம்.

வைவா முடிந்த அன்றைக்கு அம்மாவுக்குப் போன் செய்து பாஸ் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு, "அடுத்த தையில கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாப் பிள்ளையையும் ஒரு தடவை எடை போட்டுடறேன். யார் யார் எந்தச் சூளைன்னும் ஓரத்துல எழுதி வைக்கிறேன். அதுக்கு ஒரு கோடு சேர்த்துப் போட்டுக் குடு" என்றார்.