பேக்வாஷ் ஓட்டத்தை அளந்த பிறகுதான் மீடியா வாங்கினேன்

நீச்சல் குளம் தெளிந்துவிட்டது. அதன் வடிகட்டித் தொட்டியில் இருந்த மணலை எடுத்துவிட்டுக் கண்ணாடித் துகள் போட்டேன். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, தண்ணீர் புகாத டார்ச்சை நீருக்குள் அமுக்கி ஆழப் பக்கமாக அடித்துப் பார்த்தேன். மணல் இருந்த காலத்தில் ஒளிக்கற்றை முழு நீளத்துக்கும் வெள்ளையாகத் தெரியும். இப்போது எதிர்ச்சுவரில் வட்டம் விழுகிறது, நடுவில் கற்றை கண்ணுக்கே படவில்லை. பகலில் பார்த்து "தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லும் குளத்தையும் இப்படி ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சில மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள் மிதந்தால்கூட டார்ச் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய மணல் பல வருஷம் ஓடியது. pH, குளோரின் எல்லாம் வரம்புக்குள் இருந்தும் அந்த மெல்லிய பால்நிறக் கலங்கல் போகவில்லை. தொட்டியைத் திறந்ததும் காரணம் புரிந்தது. மேல்பரப்பு பாளமாக இறுகியிருந்தது, சுவரை ஒட்டி ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. தண்ணீர் மணலுக்குள் போகாமல் அந்தப் பிளவு வழியாக நேரே கீழே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கையை விட்டுக் கிளறினால் கோலிக்குண்டு அளவில் சேற்று உருண்டைகள். உடம்பு எண்ணெயும் வெயில் கிரீமும் மணலைப் பிணைத்து உருட்டியவை.

சரி, மணலை மாற்றியே ஆக வேண்டும். எதை வைத்து மாற்றுவது என்பதுதான் கேள்வி. விற்பவர்கள் எல்லாரும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள்: "இது இத்தனை மைக்ரான் வரை பிடிக்கும்." மணலுக்கு 20 முதல் 40, கார்ட்ரிட்ஜுக்கு (மடிப்புத் துணி உருளை) 10 முதல் 20, டயட்டம் மண்ணுக்கு (நுண்பாசி ஓட்டுப் பொடி) 2 முதல் 5 என்று பொதுவாகப் புழங்கும் கணக்கு நமக்கெல்லாம் தெரியும். கண்ணாடித் துகளுக்கும் ஜியோலைட் தாதுவுக்கும் 5 மைக்ரான், 3 மைக்ரான் என்று மூட்டையிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். எந்த வேகத்தில், எவ்வளவு ஆழப் படுகையில், உறைபொருள் (நுண்துகள்களைத் திரட்டும் மருந்து) சேர்த்தா சேர்க்காமலா என்று ஒரு வரி இருக்காது. இதுகள் இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

ஏன் என்றால், மணல் வடிகட்டி சல்லடையாக மட்டும் வேலை செய்வதில்லை. 0.5 மி.மீ. விட்டமுள்ள உருண்டைகளை நெருக்கி அடுக்கினால், மூன்று உருண்டைக்கு நடுவே உள்ள இடுக்கில் சுமார் 77 மைக்ரான் துகள் தாராளமாக நுழைந்துவிடும். அதற்கும் சின்னதை மணல் பிடிக்கிறது என்றால், துகள் போகிற வழியில் மணலின் மேல் ஒட்டிக்கொள்வதால்தான். ஒட்டுவதற்கு வேகம் குறைவாக இருக்க வேண்டும், பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும், துகள் ஒன்றோடொன்று சேரும் நிலையில் இருக்க வேண்டும். பிடித்த அழுக்கு முழுவதும் பேக்வாஷில், அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டுக் கழுவும்போது, வெளியேறவும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வெளியேறாத அழுக்குதான் நாளடைவில் அந்த உருண்டைகளாகிறது.

அதனால் நான் மைக்ரானை ஓரமாக வைத்துவிட்டு, என் பம்ப் எந்த மீடியாவை (தொட்டியில் நிரப்பும் வடிபொருளை) தூக்கிக் கழுவ முடியும் என்று பார்த்தேன். என் அனுபவத்தில் மீடியா தேர்வின் முக்கால் பங்கு இதுதான்.

முதலில் ஓட்டத்தை அளக்க வேண்டும். பம்பில் ஒட்டியிருக்கும் தகட்டு எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். குழாய், வளைவு, ஓட்டத்தைத் திசை மாற்றும் மல்டிபோர்ட் வால்வ் எல்லாவற்றின் தடையையும் தாண்டி வருவதுதான் உண்மையான ஓட்டம். பேக்வாஷ் குழாயின் வாயை 200 லிட்டர் டிரம்மில் திருப்பி ஸ்டாப்வாட்ச் வைத்தேன். 55 விநாடியில் நிரம்பியது. மணிக்கு 13 கன மீட்டர் சொச்சம். என் தொட்டியின் விட்டம் 600 மி.மீ., குறுக்குப் பரப்பு 0.283 சதுர மீட்டர். வகுத்தால் மணிக்கு 46 மீட்டர் வேகத்தில் தண்ணீர் மேலே ஏறுகிறது. இந்த 46 என்ற எண்தான் எனக்குத் துருப்புச் சீட்டு.

அடுத்தது ஒளி ஊடுருவும் குழாயில் ஒரு சோதனை. இதற்கு நான் செலவிட்ட நேரம் தொட்டியை நிரப்பியதற்குக்கூட ஆகவில்லை, ஆனால் ஒவ்வொரு நிமிஷமும் தகும். 50 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ஒரு மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் நிமிர்த்தி நிறுத்தினேன். அடியில் வலை, அதன் மேல் தண்ணீர் சீராகப் பரவ கொஞ்சம் கூழாங்கல், அதற்கு மேல் 40 செ.மீ. உயரத்துக்குச் சோதிக்க வேண்டிய மீடியா. கீழிருந்து நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஏற்றினால், இந்தக் குழாய்க்குள் வேகம் அதே மணிக்கு 46 மீட்டர். அதாவது என் தொட்டிக்குள் பேக்வாஷில் என்ன நடக்குமோ அதைக் கண் முன்னால் பார்க்கலாம்.

0.4 முதல் 0.8 மி.மீ. புது சிலிக்கா மணல் 40-லிருந்து 50 செ.மீ.க்கு உயர்ந்து அழகாகக் கொதித்தது. 0.5 முதல் 1.0 மி.மீ. கண்ணாடித் துகள் 48 வரை வந்தது. 1 முதல் 2 மி.மீ. கண்ணாடி அசையவே இல்லை, அரை செ.மீ. உப்பியதோடு சரி. இதைத்தான் "தடை குறைவு, பம்புக்கு நல்லது" என்று எனக்குப் பரிந்துரைத்தார்கள். அசையாத படுகையை எப்படிக் கழுவுவது? ஜியோலைட் நேர்மாறு. எடை குறைந்த தாதுவாதலால் 58 செ.மீ. வரை எழும்பியது. தொட்டிக்குள் படுகைக்கு மேல் அவ்வளவு காலி இடம் இல்லாவிட்டால் பாதி மீடியா வடிகாலுக்குப் போய்ச் சேரும்.

இங்கே தண்ணீரின் சூட்டையும் கவனிக்க வேண்டும். 10 டிகிரித் தண்ணீரின் பாகுத்தன்மை 30 டிகிரித் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். குளிர்ந்த தண்ணீர் துகளை எளிதாகத் தூக்கும், வெதுவெதுப்பான தண்ணீருக்கு அதே உயரத்துக்குத் தூக்கக் கூடுதல் வேகம் வேண்டும். அதனால் சோதனையைக் குளத்துத் தண்ணீரிலேயே, வெயில் காலத்துச் சூட்டிலேயே செய்தேன். குழாய்த் தண்ணீரில் செய்து பார்த்துவிட்டு முடிவெடுத்தால் கணக்கு தப்பும்.

அப்புறம் அழுக்கு விட்டுக் கழுவிப் பார்த்தேன். பழைய தொட்டியில் அள்ளிய சேற்றைக் கரைத்து ஒவ்வொரு மீடியாவிலும் கலந்து, அதே ஒன்றரை லிட்டர் ஓட்டத்தில் கழுவினேன். கண்ணாடியில் வெளியேறும் தண்ணீர் சீக்கிரமே தெளிந்தது. மணலில் தெளிய நேரம் எடுத்தது மட்டுமல்ல, எண்ணெய்ப் பசையோடு சேர்ந்த சின்னச் சின்ன உருண்டைகள் அடியில் உருண்டுகொண்டே இருந்தன, உடையவில்லை. தொட்டிக்குள் வருஷக்கணக்கில் நடந்ததை ஒரு குழாயில் பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் முடிவெடுத்தேன்: 0.5 முதல் 1.0 கண்ணாடி.

மற்றவற்றை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். ஜியோலைட்டின் பெரிய பெருமை அம்மோனியத்தைப் பிடிப்பது. பிடித்ததை விடுவிக்க உப்புக் கரைசலில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். என் குளத்தில் உப்புக் குளோரினேட்டர் (உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி) ஓடுகிறது. தண்ணீரே உப்பாக இருக்கும்போது அந்தப் பெருமைக்கு இடம் எங்கே? நன்னீர்க் குளம் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம், தொட்டியில் மேலிடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டயட்டம் மண் தெளிவில் ராஜா, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பேக்வாஷுக்குப் பிறகும் புதிதாகப் பூச்சு ஏற்ற வேண்டும், சுட்ட ரகத்தின் தூசியில் படிக சிலிக்கா இருக்கிறது, முகக்கவசம் இல்லாமல் தொடக்கூடாது. அதற்குத் தனித் தொட்டியும் வேண்டும். கார்ட்ரிட்ஜ் சின்னக் குளத்துக்கு அருமை. எண்ணெய்ப் பசையை முதலில் கார சோப்பில் எடுத்துவிட்டு அப்புறம்தான் அமிலத்தில் முக்க வேண்டும் என்பதை மறக்காதவரை நன்றாக உழைக்கும்.

பாலியெஸ்டர் இழைப் பந்துகள் பற்றி எனக்கு மனத்தாங்கலே உண்டு. 25 கிலோ மணலுக்குப் பதில் 700 கிராம் போதும் என்று விற்கிறார்கள். தூக்குவதற்கு சுகம்தான். பேக்வாஷில் அது மணல்போலப் பிரிந்து எழும்பாது, மொத்தையாக மேலே போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் ஏறிவிட்டால் வெளியே எடுத்துத்தான் அலச வேண்டும். நாலு பேர் குளிக்கிற தரைமேல் குளத்துக்குச் சரி, கூட்டம் இறங்கும் குளத்துக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

வாங்கும் விஷயத்தில் ஒரு வார்த்தை. சல்லடைப் பகுப்பாய்வுத் தாள் கேட்டால் முகத்தைச் சுளிக்கும் ஆளிடம் வாங்காதீர்கள். எனக்கு முதலில் மாதிரி அனுப்பியவர் 0.5 முதல் 1.0 என்று எழுதியிருந்தார். சலித்தால் கால் மி.மீ.க்கும் கீழே இருந்த தூளே ஒரு கைப்பிடி தேறியது. லேட்டரலின் (தொட்டியடியில் வடிந்த தண்ணீரை எடுக்கும் குழாயின்) பிளவு பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும், அந்தத் தூள் எல்லாம் குளத்துக்குத்தான் திரும்பி வரும். மறுசுழற்சிக் கண்ணாடி என்றால் ஒரு பாட்டில் தண்ணீரில் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். லேபிள் காகிதம், மூடித் துணுக்கு ஏதாவது மிதந்தால் திருப்பிவிடலாம். முனை மழுக்கப்பட்டிருக்கிறதா என்று கையுறையோடு உருட்டிப் பாருங்கள். மணலே போதும் என்பவர்கள் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் கலந்த மணல், குளத்துக்கு ஆகாது.

அளவு எடையில் அல்ல, கொள்ளளவில் பார்க்க வேண்டும். மணல் 150 கிலோ பிடித்த இடத்தில் கண்ணாடி 125 கிலோ அளவுக்குத்தான் வேண்டியிருந்தது. லேட்டரல் மூடும் வரை 1 முதல் 3 மி.மீ. கனத்த ரகம், அதற்கு மேல் மெல்லிய ரகம். பாதித் தண்ணீர் நிரப்புவது, நடுக்குழாயின் வாயைக் கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நிரப்பியதும் தண்ணீர் தெளியும் வரை நீளமாக ஒரு பேக்வாஷ், பிறகு ரின்ஸ் (வடிகாலுக்கு விடும் அலசல்). அந்தத் தூள் தண்ணீரைக் குளத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

இப்போது சுத்தமான நிலையில் வடிகட்டியின் அழுத்தக் கேஜ் 0.7 பார் காட்டுகிறது. அதற்கு மேல் 0.5 பார் ஏறும்வரை பேக்வாஷில் கை வைப்பதில்லை. கொஞ்சம் அழுக்கு ஏறிய படுகைதான் நுண்ணிய துகளை இன்னும் நன்றாகப் பிடிக்கும். கிழமை தவறாமல் கழுவித் தள்ளுபவர்கள் அந்தப் பலனை வடிகாலில் விடுகிறார்கள். கேஜைப் பாருங்கள், காலண்டரைப் பார்க்காதீர்கள்.

அடுத்து ஒரு சின்ன டோசிங் பம்ப் வைக்கப் போகிறேன். பாலிஅலுமினியம் குளோரைடு என்ற உறைபொருளைச் சொட்டுச் சொட்டாக வடிகட்டிக்கு முன்னால் விட வேண்டும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணியின் ஊசிஸ்ட் (கடின உறையுள்ள வித்து) 4 முதல் 6 மைக்ரான். குளோரின் 1 பி.பி.எம். இருந்தால்கூட பத்து நாளுக்கும் மேல் தாங்கும். உறைபொருள் இல்லாமல் எந்தத் துகள் படுகையும் அதை நம்பகமாக நிறுத்தாது, கண்ணாடியும் விதிவிலக்கல்ல. குழந்தைகள் இறங்குகிற குளம் என்பதால் இதில் எனக்கு சமரசம் இல்லை. டோசிங் பம்பின் மருந்தை எங்கே விடுவது என்பதில்தான் இன்னும் யோசனை. மருந்து விடும் ஊசிமுனையை வடிகட்டிக்கு ஒட்டி வைத்தால் கலக்க நேரம் போதாது, குளத்துப் பம்புக்கு முன்னால் வைத்தால் சேர்ந்த துணுக்குகளை அதன் இம்பெல்லர் (சுழல் சக்கரம்) உடைத்துவிடும். குளத்துப் பம்புக்கும் வடிகட்டிக்கும் நடுவே நீளமான குழாய் இருக்கும் இடத்தை அளந்துகொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் பாக்கி இருப்பது கூட்ட நாள் சோதனை. இந்தத் தெளிவு ஆள் இறங்காத குளத்தின் தெளிவு. நிறையப் பேர் வெயில் கிரீமோடு இறங்கி ஏறிய மறுநாள் கேஜும் டார்ச்சும் என்ன சொல்கின்றன என்று குறித்துவைக்க வேண்டும். பேக்வாஷ் குழாயில் ஒளி ஊடுருவும் துண்டு ஒன்றையும் பெரிதாக மாற்றுகிறேன். வால்வில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் துகள் வெளியே போகிறதா என்று சரியாகத் தெரியவில்லை.