நட்சத்திரக் குறி போட்ட பாக்கிகள்

கும்பகோணம் மாமா கடையில் பில் போடும் சாஃப்ட்வேர் நேற்று மறுபடியும் படுத்துவிட்டது. முகூர்த்த நாள் பார்த்துத்தான் படுக்கும். கரண்ட் போய், யு.பி.எஸ்ஸும் கைவிட்டதில் பெயரை வைத்துக் கணக்கைத் தேடித் தரும் இண்டெக்ஸ் குழம்பி, அண்டா வாங்கியவர் பெயரைத் தட்டினால் கரண்டி வாங்கியவர் கணக்கு வந்து நிற்கிறது.

ஃபாக்ஸ்ப்ரோ 2.6 என்ற பழைய டேட்டாபேஸில் எழுதியது. விண்டோஸுக்கு முன்னால் இருந்த டாஸில் ஓடுவது. அந்த வம்சத்தின் கடைசி வாரிசான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-க்கே மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியில் தலைமுழுகிவிட்டது. மாமா மட்டும் விடவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். அதன் வேகம் தாங்காமல், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று இது திறக்கும்போதே விழுந்தது. 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. பழைய கேம் விளையாடுகிறவர்களுக்காக வந்த, டாஸ் மாதிரியே நடிக்கும் டாஸ்பாக்ஸுக்குள் குடிவைத்திருக்கிறேன். ஒரு பாத்திரக்கடையின் வரவு செலவு மொத்தமும் இப்போது கேம் கணக்கில்தான் ஓடுகிறது. "எவர்சில்வர் மாதிரிடா, தேயாது" என்பார் மாமா. தேய்வது நான்தானே.

சரி, இங்கிருந்தே அங்குள்ள கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கில் நுழைந்து ரீஇண்டெக்ஸ் கொடுத்தேன். எல்லாம் சரியாக வருகிறதா என்று பாக்கி ஃபைலை நேராகத் திறந்து 'லிஸ்ட்' அடித்தால், சில பெயர்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி.

ஃபாக்ஸ்ப்ரோவில் டிலீட் செய்தால் எதுவும் அழியாது. ஒரு குறி விழும், அவ்வளவுதான். 'பேக்' (PACK) என்று கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே போகும். கல்லாவில் இருந்த காலத்தில் தாத்தா டிலீட்டோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். வழக்கமான புரோகிராம் வழியாகப் போனால் இவை கண்ணில் படாது. நான் போனது கொல்லைப்புற வழி.

அங்கே ஸ்கிரீன் முன்னால் மாமா.

"யாருடா இவங்கல்லாம்?"

தாத்தா சத்தமில்லாமல் தள்ளுபடி செய்த பாக்கிகள். பூக்கார அக்கா, கோயில் மடப்பள்ளி, கடன் கேட்டதற்காக மாமாவே ஒருமுறை கடையில் வைத்துத் திட்டி அனுப்பிய வாத்தியார். அதற்கடுத்த வரியில் எங்கள் அப்பா. பித்தளைக் குடம், குத்துவிளக்கு ஒரு ஜோடி, 4,200 ரூபாய்.

மாமா உடனே அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அது பாப்பா காதுகுத்துக்கு நம்ம அப்பா செஞ்ச சீர்டா!"

"பாக்கின்னு எழுதியிருக்குக்கா."

"சீருக்கு எந்த ஊர்லடா பில் போடுவாங்க?"

"போட்டது உங்கப்பா."

"போட்டார்ல, அப்புறம் அழிச்சார்ல!"

"அழியலையேக்கா, இதோ இருக்கே!"

அப்பா அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இந்தக் களேபரத்தில் என் கோரிக்கையைச் சொருகிப் பார்த்தேன். "மாமா, இத்தோடு இதை விட்டுடலாம். எல்லாத்தையும் புதுசா ஒண்ணுக்கு மாத்தித் தரேன்."

"மாத்தலாம் மாப்ளே. முதல்ல அந்த நாலாயிரத்து இருநூறை அத்தான்கிட்ட வாங்கிட்டு வா."