மூன்றா, எட்டா

"கை வைக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அந்த அம்மா சுட்டுக்கொண்டவர் போல விரலை இழுத்து மறு கையால் பொத்திக்கொண்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, பேரைத் தடவிப் பார்க்கலாம்னுதான்" என்றார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

ஆனால் நான் சொன்னதில் பிழையில்லை. அந்தக் கல்லறைக் கல் சலவைக்கல். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் மழைநீரில் எப்போதும் சிறிது அமிலம் உண்டு. நிலக்கரிப் புகை உள்ள இடத்தில் கந்தகமும் சேரும். சலவைக்கல்லின் மணிகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி மெல்லத் தளர்ந்து, மேல்பரப்பு சர்க்கரை போல உதிரத் தொடங்கும். அந்த நிலையில் உள்ள கல்லில் விரலை ஓட்டினால் நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டும். அந்தப் பொடிதான் எழுத்து. கருங்கல்லாக இருந்திருந்தால் நானே தடவிப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

நான் கண்ட சேதங்களில் பலவும் அன்பால் நேர்ந்தவை. பாட்டன் பெயர் தெரியட்டும் என்று கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். எழுத்துப் பள்ளத்தில் சவர நுரையை நிரப்பிப் படமெடுப்பார்கள். நுரையில் ஸ்டியரிக் அமிலம் இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். உதிர்கிற கல்லுக்கு அதுவும் கூடாது. வெயிலைக் கண்ணாடியில் வாங்கிப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டால் பள்ளங்களில் நிழல் விழும். பாதிக் கல்லறைகளை அப்படித்தான் படித்திருக்கிறேன்.

அன்று வெயில் இல்லை. அவர் பார்க்க வந்ததோ பெயரை மட்டுமல்ல, ஆண்டை.

அவருடைய கொள்ளுப்பாட்டி, தாத்தாவைப் பெற்றதும் இறந்துபோனதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். தாத்தா பிறந்தது 1878. கல்லில் 187 வரை தெளிவு. கடைசி இலக்கம் மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். இந்த இரண்டும் தேய்ந்த கல்லில் எப்போதும் தகராறு செய்பவை, இடப்பக்க வளைவு போய்விட்டால் எட்டு மூன்றாகிவிடும். அந்த ஆண்டுகளின் அடக்கப் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. எட்டு என்றால் குடும்பக் கதை நிற்கும். மூன்று என்றால் தாத்தா பிறக்க ஐந்து ஆண்டுக்கு முன்பே இவள் மண்ணுக்குள் போய்விட்டாள். அவரைப் பெற்றது வேறு யாரோ.

"பார்த்துச் சொல்லுங்க தம்பி. எனக்கு அவசரமில்லை" என்று போய்விட்டார். அவருடைய வயதுக்கு அது எவ்வளவு பெரிய பொய் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் விடியும் முன்பே போனேன். வெயில் தாழ்வாகச் சாய்ந்து விழும் முதல் அரைமணி நேரம் கல்லுக்கு நல்ல நேரம். கண்ணாடியைச் சாய்த்தேன், நிமிர்த்தினேன், இடம் மாற்றினேன். எட்டு போலவும் இருந்தது. யாரும் இல்லை. விரலை வைத்தேன்.

ஒரே தடவைதான். மெதுவாகத்தான். இந்த வேலையில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கண் கைவிட்ட இடத்தில் விரல் படிக்கும். இடப்பக்கம் மேலே ஒரு சிறு பள்ளம் தட்டுப்பட்டது. வளைவு. எட்டேதான். கையெடுத்தபோது நுனியில் வெள்ளையாக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அது உளி விட்ட பள்ளமா, மழை விட்ட பள்ளமா? நான் தடவியதால் உதிர்ந்து உண்டான பள்ளமா? எட்டைத் தேடிப் போன விரலுக்கு எட்டு அகப்படுவதில் என்ன அதிசயம்? இத்தனை ஆண்டு பழகிய விரலும் புதிதாக வந்தவரின் விரலும் ஒன்றல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கல்லுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

எங்கள் முறைப்படி ஐயமுள்ள எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். 187[8] என்று எழுதினேன், அதுவரை ஒழுங்கு. படித்த முறை என்ற கட்டத்தில் 'சாய்வொளி' என்று எழுதினேன். அது முழுப் பொய்யும் இல்லை.

தீர்த்துவிட வழி இல்லாமலில்லை. கேமராவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் பல திசைகளில் நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் சேர்த்தால் பரப்பின் ஏற்ற இறக்கம் கண்முன் வந்துவிடும். டாம் மால்ஸ்பெண்டரும் உடன் வேலை செய்தவர்களும் 2001இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. கல்லைத் தொடவே வேண்டாம். ஸ்டாண்டும் விளக்கும் இருந்தால் போதும், ஒரு மாலை நேர வேலை. வேறு கல்லறைகளுக்குச் செய்திருக்கிறேன். இதற்கு மட்டும் நேரம் வாய்க்கவில்லை என்று சொல்லிவருகிறேன். மூன்று என்று வந்துவிட்டால் அவருக்குத் தொலைபேச வேண்டியிருக்கும். இனித் தெரிகிற மூன்றில் என் விரலின் பங்கு எவ்வளவு என்பதையும் எந்த விளக்கும் காட்டாது.

எட்டு என்று சொன்னபோது அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எப்படித் தம்பி தெரிஞ்சுது?" என்றார்.

"வெயில் சரியா விழுந்துச்சும்மா" என்றேன்.

"நல்லவேளை, அன்னைக்கு நீங்க என் கையைத் தடுத்தீங்க" என்றார்.