பேனை எழுதுதா என்று முதலில் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியில் அக்கா வீட்டு விறாந்தையில் பின்னேரம் நாலரைக்கு ஏ/எல் கணித வகுப்பு தொடங்கும். கரும்பலகை கிடையாது. ஒரு பழைய திங்க்பேட் எக்ஸ்220 டேப்லெட் மடிக்கணினியின் திரையைத் திருப்பி மடித்து மேசையில் கிடத்தி அக்கா பேனையால் எழுத, பிள்ளைகள் அதைச் சுவரில் உள்ள டிவியில் பார்ப்பார்கள். 2011இல் வந்த மொடல். கடற்காற்றில் அதன் ஆணிகள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன, பேனைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வாக்கொம் தயாரித்த அந்தப் பேனைக்குள் பற்றரியே இல்லை, திரைக்குப் பின்னால் இருக்கும் பலகை எழுப்பும் காந்தப்புலத்திலிருந்துதான் அது சக்தியை எடுக்கிறது.

போன வருசம் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 7ஐ எடுத்துவிட்டு 10 போட்டார்கள். அன்றிரவே அக்காவின் போன். "தம்பி, என்ர நோட்ஸ் ஒண்டும் திறக்குதில்லையடா." ஆறு வருசக் குறிப்புகள், எல்லாம் விண்டோஸோடு வந்த ஜர்னல் என்ற குறிப்பெழுதும் செயலியில் எழுதியவை. கோப்புகள் பத்திரமாகத்தான் இருந்தன, திறக்கத்தான் செயலி இல்லை. 2016இல் வந்த ஆனிவேர்சரி அப்டேட்டோடு மைக்ரோசொஃப்ட் ஜர்னலை விண்டோஸ் 10இலிருந்து எடுத்துவிட்டது. கடைசியில் விண்டோஸ் 7 இருந்த இன்னொரு மடிக்கணினியைத் தேடிப் பிடித்து, இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து டிஃப் படங்களாக மாற்றினேன். உங்களிடமும் ஜர்னல் கோப்புகள் இருந்தால், தயவுசெய்து இந்த வேலையை அப்கிரேடுக்கு முன்னமே செய்துவிடுங்கள்.

பேனையிலும் சிக்கல். சுட்டி நகர்ந்தது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிப்பில்தான் வந்தது. வாக்கொம்மின் டிரைவரை, அதாவது பேனையை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருளை, போட்ட பிறகுதான் சரியானது.

இப்போது விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குப் பதிந்தவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் கேட்கிறது. எக்ஸ்220இல் இருப்பது இரண்டாம் தலைமுறை. குறுக்குவழியில் போடலாம்தான், ஆனால் அப்படிப் போட்டால் அப்டேட் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தருவதில்லை. வகுப்பு நடத்தும் மெசினில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று அக்காவிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

அப்புறம் பார்த்தது லினக்ஸ் மின்ட் 22, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் (ஓஎஸ்). அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. இதில் எனக்குப் பிடித்ததே, நிறுவ முதல் பென்ட்ரைவிலிருந்து ஓடவிட்டுப் பார்க்கலாம் என்பதுதான். நான் வைஃபையையும் பார்க்கவில்லை, சத்தத்தையும் பார்க்கவில்லை, நேரே பேனையை எடுத்து ஒரு தொகையீட்டுக் குறி போட்டேன். மேலே மெல்லிசாகத் தொடங்கி நடுவில் தடித்துக் கீழே திரும்ப மெலிந்து வந்தது, ஒரு டிரைவரும் போடாமலே. பேனையின் பின்பக்க அழிப்பானும் அழித்தது. இந்த மெசின்களுக்கு எந்த ஓஎஸ் என்று தீர்மானிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. வேகம் போதாவிட்டால் எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளலாம், பேனை எழுதாவிட்டால் அது பாரமான பழைய மடிக்கணினி மட்டும்தான்.

இரண்டு இடத்தில் கொஞ்சம் மினக்கெட வேண்டியிருந்தது. திரையைத் தலைகீழாகத் திருப்பினால் பேனை கூடவே திரும்பவில்லை, வலது மூலையில் தொட்டால் இடது மூலையில் கோடு விழுந்தது. வாக்கொம் பேனையின் அமைப்புகளை மாற்றும் எக்ஸ்செட்வாக்கொம் கட்டளையில் 'ரொட்டேட் ஹாஃப்' கொடுத்ததும் சரி வந்தது. உள்ளங்கை பட்டுக் கீறல் விழுந்ததற்கு, அதே கட்டளையால் விரல்தொடுகையை நிறுத்திவிட்டேன். இரண்டையும் ஒரே சொடுக்கில் நடக்கும்படி திரையில் ஒரு ஐகனாக வைத்திருக்கிறேன், அக்கா தானாகவே அழுத்துகிறா. எழுத ஸோர்னல் பிளஸ் பிளஸ் என்ற செயலி, பழைய பிடிஎஃப் வினாத்தாள்களையும் அதிலேயே திறந்து மேலே எழுதலாம்.

வாற ஞாயிறு அலஸ்தோட்டத்திலிருந்து ஒரு எக்ஸ்61 டேப்லெட் வருகிறது. அதில் இருப்பது இன்னும் பழைய கோர் 2 டியோ செயலி, அதனால் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு குறுக்குவழியிலும் ஏறாது. மின்ட்டின் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென்ட்ரைவில் ஏற்றி வைத்திருக்கிறேன்.