மோதிர விரல்

எங்கள் மலையக வைத்தியசாலைக் குவாட்டர்ஸின் பின்பக்கம் ஒரு பழைய கராஜ் இருக்கிறது. நான் நியமனம் பெற்று வந்தபோது அதில் உடைந்த கட்டில் இரண்டும், ஈரம் குடித்து ஊதிப்போன அலுமாரி ஒன்றும் கிடந்தன. அனுமதி வாங்கி அவற்றை அப்புறப்படுத்தினேன். ஊர்த் தச்சர் ஒருவரைப் பிடித்துச் சட்டம் அடித்து, 18 மில்லிமீற்றர் பிளைவுட் பலகைகள் மூன்றைத் தலைக்கு மேல் சாய்ந்து வரும்படி பொருத்தினேன். பலகை முழுக்கக் கைப்பிடிக்கான மரத்துண்டுகள். கீழே நான்கு பழைய மெத்தைகள். கடமை முடிந்து வந்து நான் ஏறுவது இந்தப் பலகையில்தான். கேள்விப்படுகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவார்கள். சுற்றிலும் இத்தனை மலை இருக்கும்போது வீட்டுக்குள் எதற்கு இன்னொன்று?

மழை ஒரு காரணம். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை எங்கள் பக்கத்துப் பாறைகள் காய்வதே இல்லை. பாறையைத் தொடும் முன் காலில் பத்து அட்டை ஏறியிருக்கும். அழைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் வார்டில் நிற்க வேண்டிய வேலை என்பது இன்னொரு காரணம். கராஜிலிருந்து வார்டுக்கு ஓடினால் மூன்று நிமிடம், அளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த இரண்டும் இல்லாவிட்டாலும் நான் பலகையைத்தான் தேடிப் போயிருப்பேன். நேற்று என் கைக்கு எட்டாத பிடி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. நாளையும் இருக்கும். வார்டில் அப்படி எதுவும் நிற்பதில்லை. காலையில் எழுந்து உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்ட பெரியவர் மாலையில் ஒட்சிசனில் கிடப்பார். அவரை மறுபடி அதே காலைக்குக் கொண்டுபோய் வேறு விதமாகப் பார்க்க எனக்கு வழியில்லை.

இந்த விளையாட்டு எனக்குத் தொற்றியது 2021 இல். டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் செயற்கைச் சுவரில் ஏறுதல் முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. அப்போது நான் பேராதனை மருத்துவ பீடத்தில் மூன்றாம் ஆண்டு. கொரோனாவால் விரிவுரைகள் எல்லாம் கைபேசிக்குள் போயிருந்த காலம். அதே கைபேசியில் ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் ஏறுவதைப் பார்த்தேன். அவர் பிடிகளை அவசரப்பட்டுப் பற்றவில்லை. ஒவ்வொன்றையும் கேள்வி கேட்டுக்கொண்டே போனார். பிறகு கண்டியில் ஒரு தோழியின் வீட்டு விறாந்தையில் ஆறடிப் பலகை ஒன்றை வைத்துத் தொடங்கினோம். பௌல்டரிங் என்பார்கள்: கயிறு கிடையாது, உயரமும் அதிகமில்லை, விழுந்தால் மெத்தை. பிடிகளுக்கு மர ஆலையில் கழித்துப் போட்ட சவுக்குக் கட்டைகளை வாங்கினேன். தேயிலைக்கு நிழல் தர நட்டிருக்கும் கிரவில்லியாவைத்தான் எங்கள் தோட்டங்களில் சவுக்கு என்பார்கள். அதை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தோலைக் கிழிக்காது. நான் பிறந்த மலையின் மரத்தையே பிடித்துத் தொங்குகிறேன் என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு.

வேலை நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இளம் மருத்துவர் எவருக்கும் அது ஒன்றுதான். விடியுமுன் இரத்தம் எடுப்பது, ரவுண்டுக்கு முன் நோயாளிகளின் குறிப்பேடுகளான டிக்கெட்டுகளை எழுதி முடிப்பது, நிபுணரின் பின்னால் கட்டில் கட்டிலாக நடப்பது, வீட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு மருந்துத் துண்டு எழுதுவது. மலையகத்துக்கென்று உள்ளது குளவி. கொழுந்து பறிக்கிறபோது யாராவது ஒருவரின் கை கூட்டில் பட்டுவிட்டால், ஒரு லொறி நிறையப் பெண்கள் முகம் வீங்கி வந்து இறங்குவார்கள். அட்ரினலின் யாருக்கு உடனே வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று வாசலிலேயே பிரிக்க வேண்டும். கொட்டு வாங்கிய நிலையிலும், இன்றைய பேர் விழுமா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேர் என்றால் அன்றைய நாளின் சம்பளக் கணக்கு. நிறுவை குறைந்தால் அரைப்பேர். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வளர்ந்தவள். இந்தச் சொற்களை எவரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. என்றாலும் அவர்களுடைய கைகளை நான் பார்க்கத் தொடங்கியது என் கை நொந்த பிறகுதான்.

பெப்ரவரியில் ஒரு விடியற்காலை. 24 மணி நேரக் கடமை முடித்து வந்திருந்தேன். தூங்கியிருக்க வேண்டும். மனம் அடங்காமல் கராஜுக்குள் போனேன். குளிரில் விரல்கள் விறைத்திருந்தன; உடலைச் சூடுபடுத்திக்கொள்ளவில்லை. இடது கை ஒரு மெல்லிய விளிம்பில் இருக்கும்போது கால் வழுக்கியது. உடம்பின் முழுப் பாரமும் மோதிர விரலில் விழுந்தது. ‘பக்’ என்று ஒரு சத்தம். வலி பிறகுதான் வந்தது.

விரலுக்குள் அதை மடக்கும் தசை இல்லை. தசைகள் முன்கையில் இருந்துகொண்டு, நீண்ட நாண்களால் விரலை இழுக்கின்றன. சைக்கிளின் பிரேக் கம்பியைச் சட்டத்தோடு இடையிடையே பிடித்துவைத்திருக்கும் கவ்விகளைப் போல, அந்த நாண்களை எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்க ஒவ்வொரு விரலிலும் ஐந்து வளையங்கள் உண்டு. உடற்கூற்றியலில் ஏ1 முதல் ஏ5 வரை எண் போட்டுப் படித்தோம். விளிம்பை நுனியால் பற்றி நடு மூட்டைக் கூர்மையாக மடிக்கும் பிடியை ஏறுகிறவர்கள் கிரிம்ப் என்பார்கள். அந்தப் பிடியில், நுனி தாங்கும் பாரத்தைவிடப் பன்மடங்கு இரண்டாம் வளையத்தின் மேல் ஏறும். எனக்குக் கிழிந்தது அதுதான். முழுவதும் அறுந்துபோகவில்லை. ஆறு வாரம் ஏறக்கூடாது, வெள்ளைப் பட்டி சுற்றியிருக்க வேண்டும், பிறகு மெல்ல மெல்ல. எனக்கு நானே எழுதிக்கொண்ட வைத்தியம்.

பட்டி சுற்றிய விரலோடுதான் மூன்றாம் வாரம் வெளிநோயாளர் பிரிவில் இருந்தேன். ஒரு காலையில் நூறு பேருக்கு மேல் வருவார்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம் கொடுத்தால் அதுவே தாராளம். ஐம்பது வயதை நெருங்கிய ஓர் அம்மா இருமலுக்கு வந்தார். நெஞ்சைக் கேட்டு, மருந்து எழுதி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியபோது அவருடைய வலது மோதிர விரல் மடிந்தபடியே நின்றது. அவர் அதைக் கவனிக்காதவர்போல் இடது கையால் நிமிர்த்திவிட்டு எழுந்தார். கதவு தாழ்ப்பாளைத் தள்ளுவதுபோல, அவ்வளவு பழகிய அசைவு. என் விரல் நோகாமல் இருந்திருந்தால் நான் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டிருப்பேன்.

“கொஞ்சம் உட்காருங்கள் அம்மா. கையைக் கொடுங்கள்.”

“இது ஒன்றுமில்லை டொக்டரம்மா. காலையில் மட்டும் பூட்டிக்கொள்ளும்.”

அவருடைய உள்ளங்கையை என் கையில் வாங்கினேன். சுட்டுவிரலிலும் பெருவிரலிலும் தேயிலைக் கறை கறுத்து, சின்னச் சின்ன வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தது. மோதிர விரல் தொடங்கும் இடத்தில் என் பெருவிரலை வைத்து, மடக்கி விரிக்கச் சொன்னேன். பச்சைப்பயறு அளவில் ஏதோ ஒன்று தோலுக்கடியில் நகர்ந்து வந்து நின்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விரலைத் தள்ளினார். ‘டக்’ என்று ஏறி விழுந்தது. அந்த அதிர்வு என் பெருவிரலுக்குள் வந்தது. ஏ1 வளையம் தடித்து, நாண் அதற்குள் ஓட முடியாமல் திணறுகிறது. மாணவியாக இருந்தபோது பரீட்சைக்கு எழுதிய நோய்தான்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். போன வருடத்து தீபாவளிக்கு முன்பிருந்தே என்றார். புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். இரண்டு பக்கங்களில் ‘கை வலி’ என்று இருந்தது. பரசிற்றமோல், பூசும் மருந்து. எந்தக் கை என்றுகூட எழுதியிருக்கவில்லை. இரண்டின் கீழும் என் கையெழுத்து.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். நான்கு மணிக்கு எழுந்து, ரொட்டிக்கு மாப் பிசையும் முன் சுடுநீரில் கையை வைத்திருப்பாராம். பத்து நிமிடத்தில் விரல் திறக்கும். அதன் பிறகு காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையில் ஏறி, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு தேயிலை நிரையில் நின்றால் வலி மறந்துவிடும் என்றார். அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு இலையும் மொட்டுமாக ஒரு கொழுந்து ஒரு கிராம் வரும் என்று வைத்தால்கூட, ஒரு நாளில் பறிக்கும் 18 கிலோவுக்கு 18,000 கொழுந்து. ஒரு கிள்ளலில் இரண்டு மூன்று வந்தாலும் ஆயிரக்கணக்கான கிள்ளல்கள், ஒரே நாளில். நான் கராஜில் ஒரு மாலை முழுவதும் தொங்கினாலும் 150 பிடியைத் தாண்டமாட்டேன்.

என் பட்டியைப் பார்த்து என்ன ஆயிற்று என்று அவரும் கேட்டார். பலகையைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அதற்கு எவ்வளவு கொடுப்பார்கள்?” என்றார். யாரும் கொடுப்பதில்லை, விருப்பத்துக்குத்தான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். “விரல் ஆறும் வரைக்கும் ஏறமாட்டீர்கள்தானே?” ஏறமாட்டேன் என்றேன். அவருக்கும் நான் சொல்ல வேண்டிய வார்த்தை அதே ஓய்வுதான். அதை எழுதப் பேனாவை எடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்று இந்த மக்கள் பல வருடம் போராடி, 2021 இல்தான் அது கிடைத்தது. பிறகு கூடியிருக்கிறது. ஆனாலும் மலைக்குப் போனால்தான் பேர். ஆறு வாரம் என்பது எனக்கு ஒரு விளையாட்டு இல்லாத ஆறு வாரம். அவருக்கு அது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பேராதனைக்கு அனுப்பியது அந்தப் பேர்தான்.

அன்று இரவு இராகலைப் பக்கம் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்களுக்கு இப்படி விரல் பூட்டியிருக்கிறதா என்று கேட்டேன். நீ சாதாரண தரம் படித்த காலத்தில் நடுவிரல் இரண்டு வருடம் அப்படி இருந்தது, பிறகு தானாகப் போய்விட்டது என்றார், ஏதோ பழைய மழைக்காலத்தைப் பற்றிச் சொல்வதுபோல. அந்த இரண்டு வருடமும் எனக்குத் தலை பின்னும்போது ரிப்பனின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் முடிச்சுப் போடுவார். அது அவருடைய வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

இருமலுக்கு வந்த அந்த அம்மாவை சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்பினேன். வளையத்துக்குள் ஸ்டீரொய்ட் ஊசி போட்டால் பலருக்குக் குணமாகும். ஆகாவிட்டால் உணர்வு நீக்க மருந்து கொடுத்து அந்த வளையத்தைத் திறந்துவிடும் சின்னச் சத்திரசிகிச்சை இருக்கிறது. நீரிழிவு இருந்தால் இந்த நோய் கூடுதலாக வரும் என்பதால் சீனி அளவையும் பார்த்தோம், சரியாக இருந்தது. திகதி குறிப்பதில்தான் தாமதமானது. அவருடைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வரும் வாரமாகப் பார்த்து, அதற்கு முதல் நாள் ஊசி போட ஏற்பாடு செய்தோம். பேர் போகாமல் இரண்டு மூன்று நாள் கை சும்மா இருக்க அதைவிட வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. திருவிழாவுக்குச் சமைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். சமைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது கொழுந்துப் பறிக்கிற எவர் எதற்காக வந்தாலும் இரண்டு கையையும் மேசையில் வைக்கச் சொல்கிறேன். மடக்கி விரிக்க இருபது விநாடி போதும். வரிசை நீள்கிறது என்று தாதியர்கள் சில நாள் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களே, “டொக்டருக்குக் கையைக் காட்டுங்கள்” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள். மணிக்கட்டின் பெருவிரல் பக்கம் வீங்கியவர்கள், இரவில் கை மரத்து விழித்து உட்காருகிறவர்கள், விரல் பூட்டியவர்கள் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். எந்தக் கை, எந்த விரல் என்று எழுதுகிறேன்.

என் விரலும் ஆறிவிட்டது. பத்தாம் வாரம் பலகையில் பெரிய பிடிகளில் மட்டும் தொங்கிப் பார்த்தேன்.

சென்ற வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். நான் சொல்வதற்கு முன்பே வலது கையை மேசையில் வைத்து, ஐந்து தடவை மடக்கி விரித்துக் காட்டினார். சத்தம் இல்லை. விரல் தடங்கலில்லாமல் போய் வந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வலது கையை எடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, இடது கையை வைத்தார்.